குடையோடு நின்றவர்

போன வாரம் நான் காலேஜுக்குப் போனேன். படிக்க இல்லை... படம் பார்க்க!

சிரிக்காதீர்கள். என் மாமனாரும் வந்தார். குடையோடு வந்தார். அந்தக் குடையால்தான் இத்தனை வம்பும்.

முதலில் கோகிலாவைச் சொல்லிவிடுகிறேன். கோகிலா என் நாத்தனார். காஞ்சிபுரத்தில் பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருஷம். உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துக் காலேஜுக்குப் போகிற முதல் பெண் அவள்தான். "பத்தாவதோட நிறுத்து, மாப்பிள்ளையைப் பாரு" என்று சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து சொன்னபோது, மாமனார் எல்லோருக்கும் மோர் கொடுத்தார். "எம் பொண்ணு படிக்கும்." அவ்வளவுதான் பதில். அதற்கு மேலும் பேசினவர்களுக்கு இரண்டாவது டம்ளர் மோர் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட மனுஷர்தான் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பியதும், "திங்கக்கெழமையிலேர்ந்து நீ காலேஜுக்குப் போக வேணாம்" என்று கோகிலாவிடம் சொன்னார்.

காரணம்? ஒரு டாக்குமெண்டரி படம்!

காதல் படமாக இருந்தாலாவது புரிந்துகொள்ளலாம். இது கூலி வேலை செய்கிறவர்களைப் பற்றிய படம். கோகிலாவின் வகுப்பில் உழைப்பைப் பற்றி ஒரு பாடம் நடக்கிறதாம். லெக்சரர் சின்ன வயசுக்காரர், உற்சாகமானவர். "புத்தகத்தை மட்டும் படிச்சிட்டு எழுதினா போதாது. ஒரு படம் போட்டுக் காட்டறேன். பார்த்து, அலசி, திங்கட்கிழமை எழுதிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

நல்லதுதானே? ஆனால் புரொஜெக்டர் இரவல். அது வந்து சேர்வதே சாயங்காலம்தான். படம் முடிந்து, பஸ் பிடித்து உத்திரமேரூர் வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி... இருட்டிவிடும்.

"பொட்டப் புள்ள ஒண்டியா இருட்டுல வரதா? நானும் கூட வரேன்" என்றார் மாமனார். கொஞ்ச நேரம் யோசித்தார். "நீயும் வாம்மா. பொண்ணுங்க பக்கத்துல நான் போயி குந்த முடியாது பாரு."

எனக்கு உள்ளூரக் குஷி. நான் மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு பார்த்த படமெல்லாம் டெண்டுக் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்ததுதான். காலேஜில் படம் என்றால் விடுவேனா? என் வீட்டுக்காரர் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மேனேஜர். அவருக்கு ராத்திரி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலேஜ் ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் ஜமக்காளம் கட்டி இருட்டாக்கி இருந்தார்கள். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கோகிலா பக்கத்தில் நான். மாமனார் கடைசி பெஞ்சில், சுவரோரமாக. மடக்கின குடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

படம் ஓட ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை. செங்கல் சூளையில் கல் அடுக்குகிறார்கள். ரோட்டில் ஜல்லி கொட்டுகிறார்கள். ரைஸ் மில் களத்தில் பெண்கள் காலாலேயே நெல்லைக் கிளறிவிடுகிறார்கள். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, எல்லாவற்றையும் நமக்கு விளக்கிக்கொண்டே வருகிறது. படத்தில் இருக்கிற ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்காகவும் அந்தக் குரலே பேசிவிடுகிறது.

அடுத்து நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். 'உவகையுடன் உழைக்கும் மகளிர்' என்றது குரல். முகமே தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. உவகையை எங்கே பார்த்தாரோ!

மாமனாருக்கு வேறு கவலை. "நாத்து முத்திப் போயி கீதே... இன்னும் முன்னாடியே நட்டிருக்கணும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

கேமரா மெதுவாக நகர்ந்தது. வரப்பு தெரிந்தது. வரப்பில் இரண்டு கால். அப்புறம் வேட்டி. அப்புறம்... விரித்த குடை. குடைக்குக் கீழே ஒரு பெரியவர். சும்மா நின்றார். நின்றுகொண்டே இருந்தார். 'நிலத்தின் உரிமையாளர் மேற்பார்வையிடுகிறார்.'

ஒரு பையன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் திரும்பினான். அப்புறம் பாதி ஹால் திரும்பிவிட்டது. திரையில் ஒரு குடை... புரொஜெக்டர் வெளிச்சத்தில் கடைசி பெஞ்சில் ஒரு குடை!

எனக்கே சிரிப்பு முட்டியது. பக்கத்தில் கோகிலாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் சிரிப்பு போய்விட்டது.

படம் முடிந்தது. லைட் போட்டார்கள். லெக்சரர் முன்னால் வந்து நின்றார். "இந்தப் படத்துல யார் வேலை செய்யறாங்க? யார் செய்யலை? ஏன் அப்படிச் சொல்றீங்க?"

முன் வரிசைப் பையன் ஒருவன் துள்ளி எழுந்தான். "கொடை பிடிச்சிக்கினு நிக்கறாரே சார், அவருதான் வேலை செய்யல. மத்தவங்க ஒழைக்கறாங்க, அவரு துன்றாரு!"

கைதட்டல். விசில்கூட வந்தது.

"ஏன் சார்... நிக்கறது வேலை இல்லியா?"

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது அந்தக் கேள்வி. ஹால் அடங்கிவிட்டது. மாமனார் எழுந்து நின்றிருந்தார். குடையைத் தரையில் ஊன்றியிருந்தார். கோபமா, கூச்சமா... எனக்குத் தெரியவில்லை.

"நடவுன்னா காத்தால நிக்க ஆரம்பிச்சி பொழுது சாயற வரிக்கும் நிக்கறேன் சார். வெயில்ல நிக்கறேன். மழ வந்தா மழயில நிக்கறேன். வூட்டுக்கு வந்தா காலு வீங்கிப் பூடுது. இது வேலை இல்லன்னா பின்ன இன்னா சார் இது?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த லெக்சரரைப் பாராட்ட வேண்டும். 'உட்காருங்க பெரியவரே' என்று அமுக்கிவிடாமல், "நல்ல கேள்விங்க ஐயா. என்கிட்ட சட்டுனு பதில் இல்ல. பிள்ளைங்க யோசிச்சு எழுதட்டும்" என்றார். அப்புறம் வகுப்பைப் பார்த்து, "படத்துல ஒரு குறை கவனிச்சீங்களா? வேலை செய்யறவங்க யாரையும் ஒரு வார்த்தை பேச விடலை. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு எழுதுங்க" என்று முடித்தார்.

பஸ்ஸில் மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் வழியெல்லாம் வயலைப் பார்த்துப் பார்த்து, இது யாருடையது, எந்த நெல் போட்டிருக்கிறார்கள் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு வருகிறவர். அன்றைக்கு இருட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, கூடத்தில் தன்னுடைய சாய்வு நாற்காலியில் சாய்ந்ததும் கேட்டார். "நீ இன்னா எழுதப் போற?"

"பாத்தத எழுதணும் நைனா."

"இன்னா பாத்த?"

கோகிலா கொஞ்சம் தயங்கினாள். பொய் சொல்ல வராத பெண். அதுதான் அவளிடம் இருக்கிற பெரிய பேஜார்! "அந்தப் பையன் பேசின விதம் தப்பு நைனா. ஆனா அவன் சொன்னது... அவரு நின்னாரு, அவங்க நட்டாங்க. அப்படித்தான எழுத முடியும்?"

"அப்பன் தண்டச்சோறுன்னு எழுதறதுக்கா உன்ன காலேஜுல சேத்தேன்? அவ்ளோ பேரு முன்னால பல்ல இளிச்சிக்கினு திரும்பிப் பாக்கறானுங்க... நீயும் அதையே எழுதுவியா?"

"உன்னச் சொல்லல நைனா. படத்துல இருக்கறவர."

"கொட ஒண்ணுதான?" அதற்கப்புறம்தான் அதைச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து காலேஜ் வேண்டாம்.

ஊரையே மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினவர்! எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அடிபட்ட மனுஷர் பேசுகிற பேச்சு அது என்று தெரிந்தது. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பெண்ணின் படிப்பு ஒரு குடைக்குக் கீழே மாட்டிக்கொண்டதே!

இதையெல்லாம் நான் அடுக்களை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றுதான். எங்கள் வீட்டில் மாமனார் எதிரில் மருமகள் உட்கார்வதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. வந்த புதிதில் நின்றேன், அப்படியே நிலைத்துவிட்டது. எழுதுகிற மேஜை கூடத்தில் இருக்கிறது. அவர் நாற்காலியும் அங்கேதான். ஆகவே பத்திரிகைக்கு இந்தப் பத்தியை நான் வாரா வாரம் எழுதுவது அடுக்களை மேடையில் காகிதத்தை வைத்து, நின்றபடி. 'உங்கள் எழுத்தைப் படித்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரியே இருக்கிறது' என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பஸ் இல்லையம்மா... கால் வலி!

போகட்டும். கோகிலாவிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். "ஒரு வரி சேத்துக்கோயேன். மேற்பார்வையும் ஒரு வேலைதான்னு. அவர் மனசும் ஆறும், மார்க்கும் வந்துடும்."

"நீங்க உங்க பத்தியில அந்த மாதிரி எழுதுவீங்களா அண்ணி?"

"தாராளமா எழுதுவேன்" என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். நான் எழுதுகிற மாமனார்களும் மாமிகளும் எவ்வளவு நல்லவர்கள், பார்த்திருப்பீர்களே!

அவள் சிரிக்கவில்லை. "நைனா சொன்னாரு இல்ல, நிக்கறது வேலை இல்லியான்னு? எனக்கு நெஜமாவே தெரியல அண்ணி. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எப்படி எழுதறது? நாளைக்கி நம்ம நெலத்துல நடவு. சார் கேக்கச் சொன்னாரு இல்ல... கேட்டுட்டு எழுதறேன்."

சனிக்கிழமை விடிந்தது. மாமனார் நாஷ்டாவைத் தொடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போய்விட்டார். கொஞ்சம் வெயில் ஏறினதும் நானும் கோகிலாவும் தூக்கில் காப்பியை எடுத்துக்கொண்டு போனோம்.

அந்தக் காட்சியை இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் படம் மாதிரித் தெரிந்தது. வரிசையாகக் குனிந்த முதுகுகள். வரப்பில் குடை. ஆவணி வெயில், ஒரு நிழல் கிடையாது. கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரம் இருக்கிறது, அதன் கீழே உட்கார்வதற்குக் கல்லும் இருக்கிறது. மாமனார் அந்தப் பக்கம் போவதே இல்லை.

கோகிலா காப்பித் தூக்கை என் கையில் கொடுத்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள். சேற்றில் இறங்கிவிட்டாள்!

"ஏய்! இன்னா பண்ற நீ? ஏறு மேல!" குடை ஆடியது.

"சார் அலசச் சொன்னாரு நைனா!"

பெண்களெல்லாம் குனிந்தபடியே சிரித்தார்கள். கன்னியம்மா ஒரு நாற்று முடியை அவள் கையில் கொடுத்து, "வா தாயி... நல்லா அலசு" என்றாள். நடவு ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருகிறவள் கன்னியம்மா. கோகிலா கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து எங்கள் நிலத்துக்கு வருகிறாள். அவளுக்கு எல்லோரும் 'நீ'தான். மாரியம்மனையே 'நீ' என்று அதட்டுகிறவள், என் மாமனாரை விடுவாளா?

கோகிலா நட்டாள். கோணல் மாணலாக நட்டாள். பின்பக்கமாகக் காலை வைக்கத் தெரியாமல் ஒரு தடவை பொத்தென்று உட்கார்ந்தாள். எழுந்து மறுபடி நட்டாள். நான் வரப்பில் காப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் என் பக்கம் திரும்பவில்லை. அவள் பக்கமும் திரும்பவில்லை. தூரத்தில் ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறிது நேரத்தில் கோகிலாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் எதிரே குடையைப் பார்த்தாள்.

சட்டென்று குனிந்துவிட்டாள்!

அவர் அதட்டவில்லை. அவளைப் பார்க்கக்கூட இல்லை. சொந்த அப்பா, சொந்த நிலம். கூலிக்கு வந்தவளும் இல்லை. அவளை எது குனிய வைத்தது?

அவளுக்கே ஆச்சரியம். குனிந்தபடியே பக்கத்தில் கேட்டாள். "கன்னிம்மா, நீங்கள்லாம் எப்போ நிமிருவீங்க?"

"உங்க நைனா மடை பாக்க அந்தாண்ட போனா நிமிருவோம்."

"இப்ப நிமிந்தா இன்னா?"

"எப்பிடி கண்ணு? அவரு நின்னுக்கினு கீறாரு இல்ல? நாம நிமிந்தா, வேல செய்யாம ஏமாத்தறாளுங்கன்னு நெனைக்க மாட்டாரா?"

வரப்பில் நின்ற எனக்கே தெளிவாகக் காதில் விழுந்தது. மாமனாருக்கு விழாமல் இருக்குமா? குடை அசையவில்லை.

கோகிலா நிமிர்ந்தாள். இந்தத் தடவை முழுசாக. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். "நைனா! நீ ஏன் நின்னுக்கினே கீற? அதோ மரத்தடியில கல்லு கீது. போயி உக்காரு!"

அவர் மறுபடி ஏரிக்கரையைப் பார்த்தார்.

"சொல்லு நைனா. நேத்து நீதான கேட்ட, நிக்கறது வேலை இல்லியான்னு? நான் இன்னான்னு எழுதறது? நீ எதுக்கு நிக்கற? இவங்கள வேல வாங்கவா?"

"வேல வாங்கவா?" அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கன்னிம்மா வேலய நான் நின்னு வாங்கணுமா? நான் பொறக்கறதுக்கு மின்னாடியே அவங்க வூட்ல நடவு நட்டவங்க!"

"பின்ன ஏன் நிக்கற?"

குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். எங்களை யாரையும் பார்க்காமல், நாற்றைப் பார்த்துச் சொன்னார்.

"இத்தினி பொம்பளைங்க வெயில்ல குனிஞ்சிக்கினு கீறாங்க... நான் எப்பிடிம்மா நெழல்ல போயி உக்கார்றது? நல்லா இருக்குமா அது? எங்க நைனாவும் உக்கார மாட்டாரு. நாத்து நட எனக்கு வராது, நான் எறங்கினா ஊரு சிரிக்கும். நிக்கவாவது நிக்கலாமே."



அப்புறம் கன்னியம்மா நிமிர்ந்தாள். இடுப்பில் சேற்றுக் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அட ரெட்டியாரே! நீ எங்களுக்கோசரமா நின்னுக்கினு கீற? நாங்க உனக்கோசரமா இல்ல நிமிராம கீறோம்!"

பெண்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். சிரித்தார்கள் பாருங்கள் ஒரு சிரிப்பு... ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. எத்தனை நடவு! இவர் கால் வீங்க நின்றிருக்கிறார், அவர்கள் முதுகு ஒடியக் குனிந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் மதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் வாட்டி எடுத்திருக்கிறார்கள். கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். யார் கேட்பது? எப்படிக் கேட்பது?

"உக்காரு ரெட்டியாரே. நீ உக்காந்தாத்தான் எங்க இடுப்புக்கு விடிவு" என்றாள் கன்னியம்மா.

மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். மரத்தடிக் கல்லுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. இருந்த இடத்திலேயே, வரப்பிலேயே, மெதுவாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் என்ன நினைத்தாரோ... கையை ஊன்றி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, நடவுக்கு முதுகைக் காட்டி, பக்கத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

இப்போது நிமிர்கிறவர்களை அவர் பார்க்க முடியாது. நிமிரலாம்!

அந்த நேரம் பார்த்து ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் பிரேக் போட்டு இறங்கினார். "இன்னா ரெட்டியாரே, உக்காந்துட்ட? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" பின்னாலேயே வந்த இன்னொருவரும் நின்று விசாரித்தார். உட்கார்வது இந்த ஊரில் அவ்வளவு சுலபமில்லை. இருவருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "பொண்ணு உக்காரச் சொல்லிச்சி."

இதைப் படித்துவிட்டு, நிற்பதும் குனிவதும் ஒன்றாகிவிட்டது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆகாது. அறுவடையான நெல் வண்டியில் ஏறி யார் வீட்டுக்கு வரும் என்று படம் பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும். அந்த நெல்லைத் தின்கிற வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அதைக் கோகிலா விடுவாள் என்றா நினைக்கிறீர்கள்?

விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே காகிதங்களை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "எழுதிட்டேன் நைனா. படிக்கவா?"

மாமனார் சாய்வு நாற்காலியில் இருந்தார். கால் இன்னும் வீக்கமாகத்தான் இருந்தது. "ம்" என்றார்.

நான் வழக்கம்போல அடுக்களை வாசற்படியில் நின்றேன். கோகிலா படித்தாள்.

"குடை பிடித்து நின்றவர் வேலை செய்யவில்லை."

போச்சு, என்று கண்ணை மூடிக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சமாவது... இரண்டாவது வரியிலாவது வைத்திருக்கக் கூடாதா?

அவள் நிறுத்தவில்லை. "ஆனால் அவர் சும்மாவும் நிற்கவில்லை. குனிந்தவர்கள் எதிரில் உட்காரக் கூசியதால் நின்றிருக்கலாம். அவர் நின்றதால் மற்றவர்கள் நிமிரக் கூசியிருக்கலாம். படத்தில் பேசியவர் இரண்டு பேரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவருக்கு உட்கார இடம் கிடைத்திருக்கும். அவர்களுக்கு முதுகு கிடைத்திருக்கும். நெல்லைப் பங்கு போடுவதைப் பற்றி அதற்கப்புறம் நிமிர்ந்து நின்றே பேசியிருக்கலாம்."

இன்னும் நிறைய எழுதியிருந்தாள். சூளையைப் பற்றி, மில்லைப் பற்றி. மாமனார் கடைசி வரைக்கும் கேட்டார். முடிந்ததும் உத்தரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த மொத வரி... அத்த எடுக்க மாட்டியா?"

"மாட்டேன் நைனா." அவள் குரல் உடைந்துவிட்டது. "அது நெஜந்தான?"

அவர் காலைத் தடவிக்கொண்டார். ஒரு தடவை கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். "நாளைக்கி மொத பஸ்ஸுக்கே பூடு. ரெண்டாவது வண்டி கூட்டமா வரும். கசங்கிடப் போவுது காயிதம்."

கோகிலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லோருக்கும் ஒரு டம்ளர் காப்பி போட்டால் சரியாகிவிடும் என்று உள்ளே திரும்பினேன்.

"ஏம்மா..."

என்னைத்தான். திரும்பினேன்.

"நீ ஏன் நின்னுக்கினே கீற?"

என்ன சொல்வது? உங்களுக்காகத்தான் மாமா என்று சொல்லலாமா? வாரா வாரம் இத்தனை பேரோடு வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு, அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்தார். சாய்வு நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, மேஜைக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மறுபடி சாய்ந்தார்.

ஆகவே வாசகர்களே, இந்த வாரம் பத்தி கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும்... உட்கார்ந்து எழுதினேன்.